அக்காவின் காதுக்குத் தைத்த போன்

என் அக்காவுக்குக் காது கேட்காது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்கும். எதிரே உட்கார்ந்து பேசினால் எல்லாமே கேட்கும். உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். போனில்தான் கேட்காது. போனுக்கு வாய் இல்லையே, அவள் எதைப் பார்ப்பாள்?

அக்கா ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே போன் லைன் அவள் பொறுப்பு. வலி கண்ட பெண்கள் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள். உடனே வர வேண்டுமா, இன்னும் கொஞ்ச நேரம் வீட்டிலேயே நடந்துகொண்டிருக்கலாமா என்று அக்கா சொல்வாள். அவள் கேட்கும் கேள்விகள் எல்லா நர்ஸும் கேட்கிற கேள்விகள்தான். ஆனால் வருகிற பதிலை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாள். "வலியில இருக்கிறவ பொய் சொல்லுவாடி. பயத்துல சொல்லுவா, வெக்கத்துல சொல்லுவா. மூச்சு பொய் சொல்லாது" என்பாள். காது நன்றாக இருந்த வரையில், ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் மூச்சு எப்படி வருகிறது, எங்கே நிற்கிறது என்று கேட்டே முடிவு செய்வாள். அவள் வரச் சொல்லி வீணாக அலைந்தவர்களும் குறைவு, இருக்கச் சொல்லி அவதிப்பட்டவர்களும் குறைவு.

அதே மூச்சை வைத்து என்னையும் பிடித்துவிடுவாள். நான் வெளியூரில் வேலை பார்த்த காலத்தில் வாரா வாரம் அவளிடம் பேசுவேன். "நல்லாத்தான் இருக்கேன்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "முதல்ல மூக்கைத் துடைச்சிட்டுப் பேசு" என்பாள். எவ்வளவு ஜாக்கிரதையாகச் சத்தமில்லாமல் அழுதாலும் தப்ப முடியாது. எரிச்சலாக வரும். உண்மையைச் சொன்னால், அதற்காகவே கூப்பிடுவேன்.

பிறகு என் கல்யாணம் முறிந்தது. அன்றைக்கும் அவளைத்தான் கூப்பிட்டேன். "ஒண்ணுமில்லக்கா, சும்மாதான்" என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவள் அந்தப் பக்கம் சோப்பு விலை ஏறிவிட்டதைப் பற்றிப் பேசினாள், அத்தானுக்கு முட்டி வலி என்றாள், "சரிடி, துணி காயப் போடணும்" என்று வைத்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளோடு பேசுவதையே நிறுத்தினேன். நேரில் சண்டை போடலாம் என்று கிளம்பிப் போனபோதுதான், நான் பேசப் பேச அவள் கண் என் கண்ணைப் பார்க்காமல் என் உதட்டையே பார்ப்பதைக் கவனித்தேன். அன்றைக்கு என் அழுகை அவளுக்குக் கேட்டிருக்கவே முடியாது என்று அப்போதுதான் புரிந்தது, சண்டையை விட்டுவிட்டேன்.

அந்த ஊரிலேயே தங்கிவிட்டேன். என் தொழில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அமைத்துக்கொடுப்பது. அக்காவின் ஆஸ்பத்திரி எக்ஸ்சேஞ்சும் என் கைக்கு வந்தது. எக்ஸ்சேஞ்ச் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே, துடைப்பத்துக்கும் பினாயில் கேனுக்கும் நடுவில், ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் ஓடுவது கட்டற்ற மென்பொருள். அதாவது பூட்டு போடாத மென்பொருள். உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம், பிடிக்காததை மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்கும் கொடுக்கலாம். முகம் தெரியாத எத்தனையோ பேர் சேர்ந்து எழுதியது. வெளியிலிருந்து வரும் அழைப்பை வாங்கி, எந்த அறைக்குப் போக வேண்டுமோ அந்த அறைக்கு அனுப்பிவிட்டு, வாயை மூடிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கும். வீட்டு மனிதர்களில் அப்படி யாரையும் நான் பார்த்ததில்லை.

ஒரு காலையில் பெரிய டாக்டரம்மா எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஒரு பெண் மூன்று தடவை சொல்லியும் அக்கா "என்னம்மா, மறுபடி சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணின் கணவன் நேரில் வந்து கத்திவிட்டுப் போயிருக்கிறான்.

"சிஸ்டர், உங்க மேல எனக்குக் கோபம் கிடையாது" என்றார் டாக்டரம்மா. "ஆனா பயம் இருக்கு. ஒரு நாள், கேக்க வேண்டியது கேக்காம போச்சுன்னா? லைனை வேற ஆளுக்குக் குடுத்துடலாம். நீங்க துணி ஸ்டோரைப் பாத்துக்குங்க. சம்பளத்துல ஒண்ணும் குறையாது."

அக்கா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த உதட்டில் "துணி ஸ்டோர்" வந்தபோது அவள் முகம் வெளுத்தது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "டாக்டர், அவங்க காதுல பாதிப் பிரச்சனைதான். மீதி இந்த போன்ல. எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க, நான் சரி பண்ணித் தர்றேன்" என்றேன். எப்படிச் சரி செய்வேன் என்று எனக்கே தெரியாது. ஆழம் தெரியாமல் காலை விடுவது என் பிறவிக் குணம்.

டாக்டரம்மா நல்லவர். யோசித்தார். "அடுத்த மாசம் முதல் வியாழக்கிழமை. காலையிலேருந்து மதியம் வரைக்கும் நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன். அன்னிக்கு சரியா போச்சுன்னா லைன் உங்களுக்கு. இல்லன்னா ஸ்டோர். அதுக்கப்புறம் யாரும் பேசக் கூடாது."

வெளியே வந்ததும் அக்கா என் முதுகில் ஒன்று வைத்தாள். "உன்னை யாருடி கேட்டா?"

"ஸ்டோருக்குப் போறியா?"

நடைபாதையின் கடைசி வரை போய்த் திரும்பி வந்தாள். "துணி மூச்சு விடாதுடி" என்றாள்.

விஷயம் இதுதான். அக்காவுக்குப் போனது மேல் சத்தங்கள். கீச்சென்று வருவது, உஸ்ஸென்று வருவது, காற்றாக வருவது. காதில் மாட்டும் கருவி வைத்திருக்கிறாள். நேரில் பேச அது உதவும். போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் விசில் அடிக்கும். சரி, எக்ஸ்சேஞ்சிலேயே அந்த மேல் சத்தத்தைத் தூக்கிவிடலாம் என்று நான் முன்பே முயன்றிருக்கிறேன். அது என் பெட்டி, நான் சொன்னபடி கேட்டது. நர்ஸுகள் பையில் போட்டுக்கொண்டு அலையும் கைப்போன் கேட்கவில்லை. கடையில் வாங்கிய போன் அது. சத்தத்தைச் சுத்தம் செய்து கொடுக்கிறேன் என்று தானாகவே ஒரு வேலை பார்க்கும். பேச்சு மட்டும் வேண்டும், மற்றதெல்லாம் குப்பை என்று அதற்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மூச்சு அதற்குக் குப்பை. நான் அனுப்பியதையெல்லாம் அது கூட்டிப் பெருக்கித் தள்ளிவிட்டுத்தான் அக்காவிடம் கொடுத்தது. கூப்பிடுகிறவரின் போன் கொஞ்சம் தின்னும், எங்கள் போன் மீதியைத் தின்னும். கூப்பிடுகிறவரின் போனை நான் ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் போன் தின்பதையாவது அதன் வாயிலிருந்து பிடுங்க வேண்டும். ஆனால் அது பூட்டிய போன். உள்ளே கை வைக்கவே விடாது.

பூட்டில்லாத போன் வேண்டுமென்றால் இந்த ஊரில் ஒரே ஒரு ஆளிடம்தான் போக வேண்டும். அவருக்கு 'அடுத்த வருஷம்' என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் வேறு, அதை யாரும் சொல்வதில்லை. லினக்ஸ் என்கிற பூட்டு போடாத மென்பொருள்மேல் பைத்தியமான எங்கள் கூட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு அச்சகத்தின் மாடியில் கூடும். கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஓடுகிறது, எக்ஸ்சேஞ்சில் ஓடுகிறது, பையில் வைக்கிற போனில் மட்டும் அது ஒழுங்காக வர வேண்டும், அதுதான் எங்கள் எல்லோருக்கும் ஆசை. ஒவ்வொரு வருஷமும் அவர் எழுந்து நின்று, "இப்ப கொஞ்சம் முன்னே பின்னே இருக்கு. அடுத்த வருஷம் பாருங்க, எல்லார் பாக்கெட்லயும் லினக்ஸ் போன்தான்" என்பார். கல்யாணமாகிப் போனவர்கள் பிள்ளையோடு திரும்பி வந்தார்கள். அவர் மட்டும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கிண்டல் செய்தவர்களில் நானும் உண்டு.

அவர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தடித்த கறுப்பு போனை எடுத்தார். "லினக்ஸ் ஓடுது. கூப்பிடலாம், பேசலாம். சத்தம் போற வழியில எங்க வேணும்னாலும் கை வைக்கலாம். கொஞ்சம் சுடும்."

"எவ்வளவு சுடும்?"

"சட்டைப் பையில வெச்சா சட்டைக்கு இஸ்திரி போட வேண்டாம்."

"அண்ணா, எனக்கு அடுத்த வருஷம் வேண்டாம். அடுத்த மாசம் முதல் வியாழக்கிழமை வேணும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் தேதி கேட்டதில்லை என்று நினைக்கிறேன். "சரிம்மா" என்றார். அன்றைக்கே தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார்.

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜை எங்கள் பட்டறை ஆனது. போனிலிருந்து ஒரு கேபிள் கம்ப்யூட்டருக்குப் போகும். உள்ளே நடப்பதெல்லாம் திரையில் வரிவரியாக ஓடும். அந்த வரிகளைப் பார்க்காமல் எங்களுக்கு எதுவும் ஓடாது. எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று காது டாக்டர் வரைந்து கொடுத்த படத்தை வைத்துக்கொண்டு, அக்காவுக்கு எந்தச் சத்தம் மிச்சமிருக்கிறதோ அதைத் தூக்கினோம். சுத்தமாகப் போய்விட்டதை அவளுக்குக் கேட்கிற சுருதிக்கு இறக்கினோம். போனோடு வந்த குப்பை பெருக்கும் வேலையைப் பிடுங்கி எறிந்தோம். அக்கா மேஜையருகே உட்கார்ந்து காதில் வைத்துப் பார்ப்பாள். நான் சமையலறையிலிருந்து வேறொரு போனில் பேசுவேன்.

"எப்படி இருக்கு?"

"தகர டப்பாக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி இருக்கு."

மாற்றுவோம்.

"இப்ப?"

"இப்ப டப்பாக்குள்ள தண்ணி ஊத்திட்டே."

மறுபடி மாற்றுவோம். இப்படியே நாட்கள் போயின. ஒரு நாள் அவள் போனை மேஜை மேல் தூக்கிப் போட்டாள். "போதும்டி. எனக்கு விதிச்சது துணி மூட்டைதான்."

"விதிச்சதுன்னு சொன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

"உனக்கு எதுக்குத்தான் வரல?"

"அடி மேல அடி வெச்சா அம்மியே நகரும்னு சின்ன வயசுல எனக்குக் கணக்கு சொல்லிக்குடுத்தப்ப சொன்னியே, யாருக்கு சொன்ன? உக்காரு."

"நீ கணக்குல பெயிலாயிட்டேடி" என்றாள். ஆனால் உட்கார்ந்தாள்.

முதலில் சொற்கள் தெளிவாயின. மூச்சு கடைசிவரை இடக்குப் பண்ணியது. சோதித்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. அத்தான் மாட்டினார். அத்தான் பஸ் டிரைவர். ஸ்டியரிங்கைப் பிடித்த கையில் போனைக் கொடுத்து, மொட்டை மாடியில் நிறுத்தி, பிரசவ வலி வந்தவள் போல மூச்சு விடச் சொன்னோம்.

"நான் மூணு பிள்ளைக்கு அப்பன்டா" என்றார் 'அடுத்த வருஷ'த்தைப் பார்த்து. "எனக்கு இந்த கதியா?"

"பெத்தவ நான். நீங்க வெளியில பெஞ்சுல தூங்கினீங்க. ஊதுங்க" என்றாள் அக்கா.

மனிதர் மாடியேறி ஊதினார். மூக்கால் ஊதினார், வாயால் ஊதினார், நடுவில் இருமினார். பக்கத்து வீட்டு மாடியில் துணி எடுக்க வந்தவர்கள் எடுக்காமலே இறங்கிப் போனார்கள். கீழே அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். 'அடுத்த வருஷம்' ஒரு எண்ணை மாற்றினார். இன்னொன்றை மாற்றினார். திடீரென்று அக்கா கையைத் தூக்கினாள். நாங்கள் அசையவில்லை.

"இது வலி மூச்சு இல்ல" என்றாள். "இது மாடிப்படி ஏறின மூச்சு. கிழவனுக்கு நெஞ்சுல சளி வேற இருக்கு."

நான் கத்திய கத்தலில் அத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று மேலிருந்து ஓடி வந்தார். அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். 'அடுத்த வருஷம்' தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எண்ணை மாத்தாதீங்க, யாரும் தொடாதீங்க" என்று அதையே நாலு தடவை சொன்னார்.

வியாழக்கிழமை வந்தது. அக்கா புதிதாகத் தேய்த்த ஏப்ரனோடு நின்றாள். பாக்கெட்டில் கறுப்பு போன். டாக்டரம்மா மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அழைப்பு முதலில் அக்காவின் பாக்கெட்டில் அடிக்கும், அவள் எடுக்காவிட்டால் மேஜை போனுக்குப் போகும், அவள் எடுத்தால் மேஜை போனிலும் கூடவே கேட்கலாம், அப்படித்தான் வைத்திருந்தேன். நான் படிக்கட்டுக்குக் கீழே என் பெட்டிக்கு முன் குந்தியிருந்தேன். 'அடுத்த வருஷ'த்துக்கு வேலை நாள், அவர் ஆபீஸில் இருந்தார்.

முதல் அழைப்பு வந்தது. அக்காவின் பாக்கெட்டில் சத்தமே இல்லை. மேஜை போன் அடித்தது. டாக்டரம்மா எடுத்துப் பேசினார்.

தற்செயலாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது அழைப்பும் மேஜைக்குத்தான் போனது. திரையில் பார்த்தேன். அக்காவின் போன் இருக்கவேண்டிய இடத்தில் 'இணைப்பில் இல்லை' என்று இருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. படிக்கட்டைத் தாவி மேலே ஓடினேன். அக்காவின் பாக்கெட்டுக்குள் கையை விட்டு போனை எடுத்து பட்டனை அழுத்தினேன். உடனே திரை வெளிச்சமானது, இணைப்பு வந்தது, ஒன்றுமே நடக்காதது போல என்னைப் பார்த்தது. அதைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

நடைபாதைக்கு வந்து என் போனில் 'அடுத்த வருஷ'த்தைக் கூப்பிட்டேன், அக்காவும் கூட வந்தாள். "அண்ணா, பட்டனை அமுக்கினா இருக்கு. பாக்கெட்ல போட்டா காணாம போகுது."

"தூங்கிடுச்சும்மா. பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கும். தூங்கினா எக்ஸ்சேஞ்சோட இணைக்கிற வைஃபையும் சேர்ந்து தூங்கும்."

"இத்தனை நாள் டெஸ்ட் பண்ணோமே, ஒரு நாளாவது தூங்குச்சா?"

கேட்கும்போதே எனக்கும் உறைத்தது.

"கேபிள்" என்றார் அவர்.

"கேபிள்" என்றேன் நானும்.

கேபிள் மாட்டியிருந்தால் அது சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும், தூங்காது. நாங்கள் கேபிளைக் கழற்றவே இல்லை. கழற்றினால் அந்த வரிகள் ஓடாதே! உலகத்தில் யாராவது ஒரு போனை வாங்கினால் முதலில் பாக்கெட்டில் போட்டுப் பார்ப்பார்கள். எங்களைப் போன்ற புத்திசாலிகள்தான் பாக்கெட் போனைப் பாக்கெட்டில் போடாமலே ஒரு மாதம் சோதிப்போம்.

"தூக்கத்தை நிறுத்திடலாம், ஒரு வரி போதும்" என்றார். "ஆனா முழிச்சே இருந்தா பேட்டரி சீக்கிரம் தீந்துடும்மா. மதியம் வரைக்கும் தாங்காது. இதுக்கு ஒரு வழி எழுதிக்கிட்டிருக்காங்க, அடுத்த வ..."

"அந்த வார்த்தையைச் சொன்னீங்க, ஆபீஸுக்கே வந்து அடிப்பேன்!"

டாக்டரம்மா வாசலில் வந்து நின்றார். "ரெண்டு கால் போச்சு, சிஸ்டர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அக்கா அதுவரை போனில் பேசும் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் படித்துவிட்டிருந்தாள். "மதியம் வரைக்கும்னு சொன்னீங்க டாக்டர். இன்னும் மதியம் ஆகல" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "கேபிள் இருந்தா தூங்காதுல்ல?"

"தூங்காது."

"அப்ப கேபிளை மாட்டு."

"கேபிளோட எங்கக்கா நடப்ப?"

"உன் பையில அந்த செங்கல் இருக்குமே, போனுக்கு சார்ஜ் போடுறது. எடு."

செங்கல் மாதிரிதான் இருக்கும் என் பவர் பேங்க். ஏப்ரனின் ஒரு பக்கப் பாக்கெட்டில் செங்கல், மறுபக்கம் போன், நடுவே வயிற்றுக்குக் குறுக்கே கேபிள் தொங்கியது. தூக்கத்தை நிறுத்தும் அந்த ஒரு வரியையும் தட்டினேன், இரண்டாவது தடவை ஏமாற எனக்குத் தெம்பில்லை. கனத்தில் ஏப்ரன் ஒரு பக்கமாக இழுத்தது. பார்த்த இரண்டு இளம் நர்ஸுகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"சிரிக்கிறாங்கக்கா" என்றேன்.

"சிரிக்கட்டும். நம்ம வேலை நமக்கு."

அப்போது போன் அடித்தது. அவளுடைய பாக்கெட்டில்.

ஒரு ஆண் குரல். டாக்டரம்மா மேஜை போனை எடுத்து அதே அழைப்பைக் கேட்டார், அவர் பக்கத்தில் நின்று நானும் காதைக் கொடுத்தேன். முதல் பிரசவம். வலி லேசாகத்தான் இருக்கிறதாம். அவளே சாயங்காலம் போகலாம் என்கிறாளாம். சும்மா கேட்டு வைக்கலாம் என்றுதான் கூப்பிட்டானாம். அவன் சொன்னது ஒவ்வொன்றும் வீட்டிலேயே இருக்கலாம் என்றுதான் சொன்னது. நானாக இருந்தால் சரி என்று வைத்திருப்பேன்.

"போனை அவங்க கிட்ட குடுங்க தம்பி" என்றாள் அக்கா. "அம்மா, நீ ஒண்ணும் பேச வேண்டாம். போனை வாய்கிட்ட வெச்சுக்கோ. அடுத்த வலி வர்ற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்."

மேஜை போனில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

அக்கா கண்ணை மூடியிருந்தாள்.

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவள் கண்ணை மூடிக்கொண்டு எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கண்ணை மூடினால் அவளுக்கு உலகமே போய்விடும், அதனால் தூங்கும்போது தவிர மூட மாட்டாள். இப்போது மூடிக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, ஒரு கையால் வயிற்றின் குறுக்கே தொங்கிய கேபிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடைபாதையில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தார்கள், டாக்டரம்மாவே எழுந்து போய்க் கையைக் காட்டி நிறுத்தினார்.

அக்கா கண்ணைத் திறந்தாள். "தம்பி, சாயங்காலம் எல்லாம் வேண்டாம். இப்பவே கிளம்புங்க. மாத்துத் துணி தேட வேண்டாம், செருப்பு தேட வேண்டாம். கெளம்பு!" என்றாள். வைத்துவிட்டு டாக்டரம்மாவைப் பார்த்து, "டேபிள் ரெடி பண்ணச் சொல்லுங்க டாக்டர்" என்றாள்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலையே சிஸ்டர். உங்களுக்கு என்ன கேட்டுச்சு?"

"மூச்சு முடியற எடத்துல அடக்குறா. அடக்கி, கீழே தள்ளுறா. அவளுக்கே தெரியாம தள்ளுறா."

டாக்டரம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பிரசவ மேஜையைத் தயார் செய்ய அவரே போனார். பிறகு அந்த வாசலில் நாங்கள் நின்ற நிற்பு இருக்கிறதே! அக்கா சொன்னது தப்பாக இருந்தால் எல்லாம் அதோடு சரி. நான் பல்லைக் கடித்துக்கொண்டு தெருவையே பார்த்தேன். அக்கா மட்டும் தெருவைப் பார்க்கவில்லை, கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் ஆட்டோவில் வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. படுக்கையில் ஏற்றினார்கள், கதவைச் சாத்தினார்கள். ஆட்டோக்காரருக்குச் சில்லறை தேடி அந்தக் கணவன் இன்னும் பாக்கெட்டைத் துழாவிக்கொண்டிருந்தான், உள்ளே குழந்தை வீரிட்டது. அவன் சில்லறையெல்லாம் தரையில் கொட்டிவிட்டது. ஆட்டோக்காரரே பொறுக்கி அவன் கையில் கொடுத்துவிட்டு, "போய்யா உள்ள" என்றார்.

டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். அக்காவின் ஏப்ரனைப் பார்த்தார், செங்கலைப் பார்த்தார். "அந்த போனைக் குடுங்க, நானும் கேக்குறேன்" என்றார். நான் மேஜையிலிருந்து கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசினேன். அவர் காதிலிருந்து போனை வெடுக்கென்று எடுத்தார். "ஐயோ! காதைக் கிழிக்குது! இதையா கேக்குறீங்க?"

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "அது என் காதுக்குத் தைச்சது டாக்டர். உங்களுக்குச் சேராது."

"எல்லாம் சரி. காலையில ரெண்டு கால் போச்சே, அது?"

"என் தப்பு டாக்டர்" என்றேன். "தூங்க விட்டுட்டோம். இனிமே தூங்காது."

அவர் யோசித்தார். மதியம் வரை என்று சொன்னவர் மதியம் வரை உட்கார்ந்தே பார்த்தார். அதற்குப் பிறகு வந்த எல்லா அழைப்பையும் அக்கா எடுத்தாள், யாரையும் மறுபடி சொல்லச் சொல்லவில்லை. கடைசியில் அவர் எழுந்தார். "நீங்க எடுக்காட்டி மேஜை போன் அடிக்கிற ஏற்பாடு அப்படியே இருக்கட்டும். லைன் உங்களுக்குத்தான் சிஸ்டர். அந்த செங்கலுக்கு மட்டும் ஏதாவது பண்ணுங்க, பாக்க சகிக்கல."

செங்கலுக்கு என்ன செய்வது என்று 'அடுத்த வருஷம்' அன்றே உட்கார்ந்துவிட்டார். தூங்கினாலும் அழைப்பு வந்தால் விழித்துக்கொள்ளும் வழியை எழுதுகிறவர்கள் எந்த நாட்டிலோ இருக்கிறார்களாம். அவர்களுக்கு எங்கள் கதையை எழுதி அனுப்பியிருக்கிறார். அக்காவின் காதுக்குச் செய்ததையும் பூட்டில்லாமல் எல்லோருக்கும் வெளியே வைத்துவிட்டார். வேறெங்கோ யாருடைய அக்காவுக்கோ வேண்டியிருக்கலாம். எப்போது முடியும் என்று கேட்டேன். வாயைத் திறந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேலை நடக்குதும்மா" என்றார்.

அன்று சாயங்காலம் நான் அறைக்குத் திரும்பி, கதவைச் சாத்திவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. அக்கா.

"என்னடி, சாப்பிட்டியா?"

"ம். இப்பத்தான்."

"அத்தான் இருமிக்கிட்டே இருக்கார். உன்னாலதான், மாடியில நிக்க வெச்சே."

"நல்லா ஊதினார்ல?"

"ஆமா. இன்னொரு பிரசவம் பாத்திருப்பேன். நீ எப்படி இருக்க?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். குரல் நடுங்கவில்லை. மூக்கை உறிஞ்சவில்லை. வாயை இறுகப் பொத்தியிருந்தேன். இத்தனை வருஷப் பழக்கம், எனக்கா தெரியாது?

அந்தப் பக்கம் அவள் காதில் அந்தக் கறுப்பு போன். சோப்பைப் பற்றியோ துணியைப் பற்றியோ ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"ஏய்" என்றாள். "முதல்ல மூக்கைத் துடைச்சிட்டுப் பேசு."

துடைத்துக்கொண்டேன்.